இப்பதானே சொன்னனான்

(முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காக வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வீட்டிலிருக்கும் ஒருவரைப் பக்கத்துக் கதவில் ஒப்படைத்துவிட்டு அவசரமாக வந்து பின்வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. அவர்கள் பாதியில் எழுந்து போனால் ஒருவரும் குறை நினைக்கவேண்டாம். அவர்களுக்காகச் சொல்லவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி வந்தவரின் நினைவைத் திருப்பிக் கொண்டுவரப் பாடுபடுவதை விடுங்கள். எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாதபடி அவருடைய நாளை அமைத்துக் கொடுங்கள். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

பின்னேரம் நாலு மணி. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தாயிற்று. நாலே காலுக்கு அம்மா கேட்கிறார்:

"ஏன் பிள்ளை, இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?"

"இப்பதானேயம்மா குடிச்சனீங்கள்."

"நான் எப்ப குடிச்சனான்?"

"கோப்பையைப் பாருங்கோ, இன்னும் ஈரம் காயேல்லை."

அம்மா கோப்பையைப் பார்க்கிறார். பேசாமல் இருக்கிறார். மகள் வழக்கில் வென்றுவிட்டாள். ஆனால் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். தான் குடிக்காத தேத்தண்ணியைக் குடித்ததாகப் பெற்ற மகளே அடித்துச் சொல்கிறாள், சாட்சிக்கு ஒரு கோப்பையையும் காட்டுகிறாள். ஒன்றில் இவள் பொய் சொல்கிறாள், இல்லாவிட்டால் என் தலையில் ஏதோ பிழை. இரண்டில் எது உண்மையானாலும் பயம்தான். பத்து நிமிடத்தில் கோப்பை மறந்துபோகும். பயம் போகாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூளையின் இரு பக்கத்திலும், காதுக்கு நேரே உள்ளே, ஹிப்போகாம்பஸ் என்று சிறு பகுதியொன்று இருக்கிறது. இன்றைக்கு நடந்ததை நாளைக்கென்று பதிந்து வைப்பதற்கு அது வேண்டும். அல்சைமர் நோய் பெரும்பாலும் அந்த இடத்திலும் அதன் அயலிலும்தான் தொடங்குகிறது. ஆகவே நாலு மணித் தேத்தண்ணி அம்மாவின் மூளையில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை எத்தனை தரம் நினைவூட்டினாலும் எடுத்துத் தர அங்கே ஒன்றும் கிடையாது. 1958 இனக்கலவரத்தில் கப்பலேறி வடக்கே போனதை, கப்பலில் பக்கத்தில் இருந்தவர் கட்டியிருந்த சேலையின் நிறம் உட்பட, அவர் சொல்லுவார். அது பழுதில்லாத காலத்தில் பதிந்தது. இந்த வித்தியாசம் விளங்காமல்தான் பல வீடுகளில், "அவவுக்குத் தேவையானதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, வேணுமெண்டு செய்யிறா" என்று சண்டை நடக்கிறது. வேண்டுமென்று ஒருவரும் இதைச் செய்வதில்லை.

இந்த விஷயத்தை உலகத்துக்குக் கற்றுத்தந்தவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய் தாங்காமல் 1953 இல், 27 வயதில், மூளையில் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். வைத்தியர் வில்லியம் ஸ்கோவில் இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பிறகு 2008 இல் இறக்கும்வரை அவரால் புதிதாக ஒருவரைப் பழகி நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகளாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்யவேண்டியிருந்தது. ஒருமுறை மில்னர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டைப் பென்சிலால் பின்பற்றச் சொன்னார். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக ஓடும். மொலேசன் நாளுக்கு நாள் அதில் தேறினார். முதல் நாள் அதைச் செய்தது அவருக்கு நினைவே இல்லை. கைக்குத் தெரிந்தது, தலைக்குத் தெரியவில்லை.

இதை நம் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தேங்காய் துருவக் கொடுத்தால் அம்மம்மா துருவலையில் ஏறி இருந்து, ஓடு வராமல் வெள்ளையாகத் துருவித் தருவார். சிறுவயதில் பாடமாக்கிய தேவாரத்தைத் தொடக்கிவிட்டால் கடைசி அடிவரை பிசகாமல் போகும். செபமாலை உருட்டுகிறவர்களின் விரலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனைப் பக்கம் வயதான தையற்காரர் ஒருவரைப் பார்த்தேன். என்ன கிழமை என்று தெரியாது. பொத்தான் துளை தைக்கும்போது மட்டும் பழைய ஆளாகிவிடுவார். "நீங்கள் பேசாமல் இருங்கோ, நாங்கள் செய்யிறம்" என்று அன்பாகச் சொல்லி இந்த வேலைகளைத்தான் நாம் முதலில் பறிக்கிறோம். தேங்காய் பாதியிலே நின்றாலும் பரவாயில்லை. துருவட்டும்.

இனிப் பயம் போகாது என்று சொன்னேனே, அது. 2014 இல் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயுள்ளவர்களுக்குச் சோகப் படத் துண்டுகளையும் சிரிப்புப் படத் துண்டுகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பலருக்கு மிகச் சொற்பமே நினைவிருந்தது. ஆனால் சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தங்கியிருந்தன. குறைவாக நினைவிருந்தவர்களிடம்தான் சோகம் கூடிய நேரம் நின்றது. காரணம் தெரியாத துக்கத்தை என்ன சொல்லி ஆற்றிக்கொள்வது? ஆகவே "அவவுக்குத்தான் மறந்துபோகுமே" என்று சத்தம் போடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். சத்தம் போட்டது மறக்கும், உங்களைக் கண்டால் வருகிற நடுக்கம் மறக்காது. நாலே காலுக்குக் கேட்டால் இன்னொரு தேத்தண்ணி கொடுங்கள். கோப்பையைச் சிறிதாக்குங்கள், சீனி வருத்தம் இருந்தால் சீனியை நிறுத்துங்கள். கேள்விக்குப் பதில் அரைக் கோப்பை வெறும் தேத்தண்ணி என்றால் அது மலிவான பதில்.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "அறளை பெயர்ந்து போச்சு, வயசு போனால் அப்பிடித்தான்" என்று ஊரில் ஒரே வசனத்தோடு விஷயத்தை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். சிகிச்சையால் குறையக்கூடிய மறதிகளும் உண்டு. தைரொயிட் சுரப்புக் குறைந்தால் மறதி வரும். விற்றமின் பி12 குறைந்தாலும் வரும். மச்சம் மாமிசம் தொடாத சைவக்காரரிடமும், சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசையைப் பல வருடம் குடிப்பவரிடமும் பி12 குறைவு சாதாரணம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வு மறதி போலவே வேஷம் போடும். தடிமனுக்கும் கடிக்கும் பாமசியில் வாங்குகிற, நித்திரை வரவைக்கும் அலர்ஜிக் குளிசை வயதானவரின் தலையைக் குழப்பும். நித்திரைக் குளிசையும் அப்படித்தான். குடிக்கிற எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு வைத்தியரின் மேசையில் கொட்டுங்கள். காதையும் சோதியுங்கள். காதில் விழாதது மூளையில் எப்படிப் பதியும்?

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆளை மாறி அழைத்தால், இல்லாததைக் கண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம். சலத்தில் கிருமி, உடம்பில் உப்புக் குறைவு, சில கிழமைக்கு முன் குளியலறையில் விழுந்ததால் மூளைக்கு மேல் மெல்லக் கசிந்த இரத்தம், இப்படி ஏதாவது இருக்கும். அது ஆஸ்பத்திரி வேலை. அம்புலன்சுக்கு 1990 ஐ அழையுங்கள், வெள்ளவத்தைக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்டத்தான். ஞாபகத்துக்கென்று கொடுக்கிற வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, நானும் விரும்பிச் சாப்பிடுவேன். அதை நம்பிப் பரிசோதனையைப் பிந்தவிடாதீர்கள்.

வைத்தியர் சில கேள்விகள் கேட்பார். இன்று என்ன திகதி, எத்தனையாம் மாடி, மூன்று சொற்களைச் சொல்கிறேன் பிறகு திருப்பிச் சொல்லுங்கள் என்பது போல. அந்தச் சோதனைகளில் பிரபலமான ஒன்றில், இப்போது என்ன பருவகாலம் என்றொரு கேள்வி. நாலு பருவம் உள்ள நாட்டில் எழுதியது. கொழும்பில் மழை பெய்கிறது, பெய்யவில்லை என்பதைவிட நமக்கு என்ன பருவம் தெரியும்? இந்த நாட்டுக்கும் மொழிக்கும் அளவாக்கித்தான் அவற்றைப் பாவிக்கவேண்டும். சிங்களத்தில் அந்த வேலையை டி சில்வா, குணதிலக்க ஆகியோர் 2002 இல் செய்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான அவர்களுடைய ராகமை ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 703 பேரைச் சோதித்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் இருந்தது. உங்கள் அப்பாவைத் தமிழில் கேட்கும்படி தயங்காமல் சொல்லுங்கள். அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் இங்கிலிஷில் கடிதம் எழுதியவரானாலும், இந்த நோயில் பிந்திக் கற்ற மொழி முந்திக் கழலுவதுண்டு.

சோதனைகள் வைத்தியரோடு நிற்கட்டும். "நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" என்று வருகிற போகிறவர்களெல்லாம் கேட்பது ஒரு கொடுமை. கலியாண வீட்டில் எண்பது வயது மனுஷியை நடுவில் இருத்தி, சுற்றி நின்று பரீட்சை வைக்கிறார்கள். அவர் விழிக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரும் சேர்ந்து சிரிக்கிறார். கிட்டப் போய், "மாமி, நான் உங்கட தங்கச்சியின்ர மகன், லண்டனிலையிருந்து வந்திருக்கிறன்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வீட்டுக்கு வருவோம். வாசலில் ஓர் ஆணி. திறப்பு, கண்ணாடி, கைத்தடி மூன்றும் அங்கேதான், வேறெங்கும் கிடையாது. அலுமாரிக் கதவில் உள்ளே என்ன இருக்கிறதென்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இரவில் மலசலகூடத்து லைற்றை எரியவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதை நினைவு வைக்கத் தேவையில்லை. காலையில் நாட்காட்டித் தாளை அவர் கையாலேயே கிழிக்கச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசை, விரதநாள் எல்லாம் அதிலேயே இருக்கிறது. வீரகேசரி வாசிக்கிறவரானால் நேற்றைய பேப்பரை மேசையில் விடாதீர்கள். அவர் அதையே இன்றைக்கென்று வாசித்து, நீங்கள் தாளைப் பிழையாகக் கிழித்துவிட்டதாகச் சொல்லுவார். காஸ் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் சமைத்து முடிய மூடுங்கள், அல்லது தேத்தண்ணிக்குத் தானாக நிற்கிற மின்கேத்தல் வாங்குங்கள். புதுச் சாமான் பழகுவது கஷ்டம் என்பதால் நோய் முற்றுமுன் வாங்கவேண்டும். வங்கி, காணி உறுதி, ஓய்வூதியம் பற்றிய ஒழுங்குகளும் அப்படித்தான். கேட்டு, விளங்கி, தன் விருப்பப்படி கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலேயே சட்டத்தரணியிடம் போங்கள்.

குளிசை மட்டும் அவர் பொறுப்பில் இருக்கவே கூடாது. கிழமை நாளும் காலை மாலையும் பிரித்த பெட்டி பாமசிகளில் கிடைக்கிறது. நிரப்புவது நீங்கள், பெட்டி இருப்பது பூட்டிய இடத்தில், கொடுப்பதும் நீங்கள். சில சீனி வருத்தக் குளிசைகளைக் காலையில் குடித்தது மறந்து இரண்டாந்தரமும் குடித்தால் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கி விழவும் கூடும். இதில் அவருடைய சுதந்திரம், மரியாதை என்ற வாதமெல்லாம் எனக்கு ஏற்காது.

இனி, பேசக் கூச்சமான ஒன்று. "சங்கிலியைக் காணேல்லை. அவள்தான் எடுத்தவள்." அவள் என்றால் பெரும்பாலும் ஹற்றன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை. நடந்தது என்னவென்றால், களவு போகாமல் இருக்க ஆச்சியே சங்கிலியைத் தலையணை உறைக்குள், அரிசிப் பேணிக்குள், சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். வைத்தது பதியவில்லை. சங்கிலி இல்லையென்பது தெரிகிறது. நடுவிலுள்ள பள்ளத்தை மூளை தானாக ஒரு கதை சொல்லி நிரப்பிவிடுகிறது. கதையில் கள்ளியாக வருபவர் அந்த நேரம் பக்கத்தில் நிற்கிற ஏழைப் பெண். ஆச்சியோடு வாதாடாதீர்கள், "வாங்கோ, தேடுவம்" என்று சேர்ந்து தேடுங்கள். வழக்கமான ஒளிப்பிடங்கள் உங்களுக்குப் போகப் போகத் தெரியவரும். நல்ல நகையை வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டு கழுத்துக்கு ஒரு கவரிங் சங்கிலி கொடுங்கள். வேலைக்கு வந்த பிள்ளையிடம் முதல் நாளே, "ஆச்சி இப்படிச் சொல்லுவா, அது வருத்தம், நாங்கள் உன்னைச் சந்தேகிக்கமாட்டோம்" என்று சொல்லிவையுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். பொலிசுக்குப் போவோம் என்று அவள் முன்னால் ஒரு சொல் வந்தால், அந்தக் கெட்ட பேர் அவள் வேலைக்குப் போகிற அடுத்த வீட்டுக்கும் கூடவே போகும்.

பொழுதுபடுகிற நேரம் இன்னொரு பிரச்சினை தொடங்கும். "வீட்டை போகோணும்." இங்கே ஒரு தொடர்மாடியில் பதினைந்து வருடமாக இருப்பவர் கேட்கிறார். வீடென்று அவர் சொல்வது மயிலிட்டியில், 1990 இல் உடுத்த துணியோடு விட்டுவந்த வீடு. அந்தப் பக்கத்துக் காணிகள் கால் நூற்றாண்டுக்கு மேல் இராணுவத்திடம் இருந்து கட்டம் கட்டமாகத்தான் விடப்பட்டன. போய்ப் பார்த்தவர்கள் பலருக்கு வீடிருந்த இடமே மட்டுக்கட்ட முடியவில்லை. இதை ஆச்சியிடம் சொல்லலாமா? சொன்னால் அவருக்கு அது இன்று வந்த செய்தி. இன்று அழுவார், நாளை பொழுதுபட மறுபடி கேட்பார், மறுபடி புதிதாக அழுவார். கணவர் எங்கே என்று கேட்பவருக்கும் இதே கதைதான். உண்மை பேசுகிறோம் என்று தினம் ஒரு செத்தவீடு வைக்கிறோம். சில வைத்தியர்கள் அந்த நேரத்துக்கு ஒரு சிறு பொய் சொல்லலாம் என்பார்கள். "அப்பா கடைக்குப் போயிட்டார்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, அதற்கு அவசியமும் குறைவு. "உங்கட வீட்டிலை கிணறு எந்தப் பக்கம்? கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டதெல்லே?" என்று கேட்டால் அவர் வளவுக்குள் போய்விடுவார். கிணறு, துலா, பின்வேலிப் பொட்டு எல்லாம் சொல்லி வரும்போது இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிடும். கூடவே அறை லைற்றை இருட்ட முன்பே போடுங்கள். அந்நேரத்து மங்கல் வெளிச்சம் பதற்றத்தைக் கூட்டும்.

சிலர் கேட்பதோடு நிற்கமாட்டார்கள், போயே விடுவார்கள். வெள்ளவத்தையில் இது விளையாட்டல்ல. சார்ள்மன்ட் வீதி, பிரான்சிஸ் வீதி, ஸ்டேஷன் வீதி என்று காலி வீதியிலிருந்து எதில் இறங்கினாலும் முடிவு ஒன்றுதான்: மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். தொடர்மாடிகளும் ஒரே அச்சு. வேறு மாடியில் லிஃப்ட்டை விட்டு இறங்கி, தன் வீடென்று நினைத்துப் பிறர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். உங்கள் கதவில் வேறெவருடைய கதவிலும் இல்லாத ஏதாவதொன்றைத் தொங்கவிடுங்கள். வாசல் காவற்காரர், மூலைக் கடைக்காரர், தரிப்பிடத்து ஓட்டோக்காரர் எல்லாருக்கும் ஆளைக் காட்டிவையுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் ஆபத்து. சட்டைப் பையிலோ கைவளையத்திலோ பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் மூன்று மொழியிலும் இருக்கட்டும். மிரண்டுபோன நேரத்தில் அவருக்குச் சிங்களம் வராது, அவரைக் கண்டெடுப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். காணவில்லையென்றால் இரவுவரை சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன் எடுத்துக்கொண்டிராமல் உடனே பொலிசின் 119 ஐ அழையுங்கள். அண்மையில் எடுத்த படம் ஒன்று உங்கள் போனில் எப்போதும் இருக்கவேண்டும்.

இதெல்லாவற்றையும் யார் செய்வது? பெரும்பாலும் ஒருத்தி. கலியாணம் கட்டாத மகள், அல்லது கொழும்பில் மிஞ்சிய மருமகள். மற்றவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்புகிறார்கள், அதைக் குறைசொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வருகிறார்கள். அம்மா தலைவாரி, பவுடர் போட்டு, கமராவுக்கு முன் அழகாகப் பேசுவார். பதினைந்து நிமிடத்துக்கு இந்த நோய் உள்ளவர் நன்றாகச் சமாளிப்பார். கடைசியில், "எனக்கு இண்டைக்கு ஒருத்தரும் சாப்பாடு தரேல்லையப்பு" என்பார். அடுத்த அழைப்பு அக்காவுக்கு. "அம்மா நல்லாத்தானே இருக்கிறா, நீங்கள் ஏன் அவவைப் பட்டினி போடுறீங்கள்?" அக்கா அன்றிரவு சாப்பிடமாட்டாள்.

அக்காவுக்குச் சில இடங்கள் உண்டு. 2001 இல் தொடங்கிய லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் கொழும்பு 10 இல் இருக்கிறது. பராமரிப்பவர்களுக்கு ஆலோசனை தருகிறார்கள், பகல் வேளையில் நோயாளரைக் கூட்டிப்போய் இருத்தக்கூடிய செயற்பாட்டு நிலையமும் நடத்துகிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணில் பேசலாம். பேசியபின் நித்திரை வந்ததென்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருப்பவர்களுக்கு இந்த உரை அச்சில் போய்ச் சேருமென்று சொன்னார்கள், ஆகவே அவர்களுக்கு ஒன்று. லீவில் வரும்போது சொக்லட்டும் சத்துமா ரின்னும் கொண்டுவந்து, இரண்டு நாள் அம்மாவோடு இருந்துவிட்டு நல்லூருக்கும் திருகோணமலைக்கும் போகிறீர்கள். அடுத்தமுறை அக்காவை அனுப்புங்கள். இரண்டு கிழமைக்கு வான் பிடித்துக் கொடுத்து அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு, திறப்பையும் குளிசைப் பெட்டியையும் நீங்கள் வாங்கிக்கொண்டு அம்மாவோடு தனியே இருங்கள். நாலு மணிக்குத் தேத்தண்ணி, சிறிய கோப்பையில். நாலே காலுக்கு அவர் கேட்பார்.